சொட்டும் மூன்றாவது பைப்பும்

தஞ்சாவூர் ஜில்லாவில் தண்ணீரைக் கும்பிடாதவர் கிடையாது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைப் பக்கமே போகாதவர்கள்கூட, மேட்டூர் அணை திறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தால் இன்னொரு காபி கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட ஜில்லாவில் தண்ணீரைக் கொஞ்சமும் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். தொழிலில் அவர் பிளம்பர்.

"தண்ணி கெட்டிக்காரப் பய சார்," என்பார். "பாக்க சாது மாதிரி இருக்கும். நாம அந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் வேலையக் காட்டிரும்."

சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். "எங்க ஊரு கடைமடை சார். வேணும்னு கேட்டா வராது. வேண்டாம்னா வாசல்ல வந்து நிக்கும். சின்ன வயசுலேருந்து அதோட குணம் எனக்குத் தெரியும்."

எங்கள் தெருவில் அவருக்கு 'சொட்டு' என்று பெயர். எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் நிறுத்தி, ஆள்காட்டி விரலைத் தூக்கி, "சொட்டுது" என்பார். எங்கே என்று நாம் கேட்பதற்குள் எழுந்து போய்விடுவார். பத்து வீடு தள்ளிச் சொட்டினாலும் அவருக்குக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் நித்திய ஜீவனைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து இவர் எழுந்து வெளியே போனாராம். ஐந்து நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாராம். சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "நின்னுடுச்சா?" என்று கேட்டாராம். "நின்னுடுச்சு சாமி, நீங்க சொல்லுங்க," என்றாராம் இவர்.

இந்த மனிதரிடம் நான் மாட்டிக்கொண்டது என் மனைவி வசந்தாவின் கடைவாய்ப் பல்லால்.

அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்ய ஆறு தடவை டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. வாயைத் திறந்தபடி படுத்திருந்த அத்தனை நேரமும் அவளுக்கு எதிரே ஒரு பெரிய மீன் தொட்டி. ஆறாவது தடவை போய்விட்டு வந்தபோது பல்வலி போயிருந்தது, மீன் ஆசை வந்திருந்தது. அடுத்த மாதமே டாக்டர் கோயம்புத்தூருக்கு ஜாகை மாற்றினார். "தொட்டியை அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போக முடியாதும்மா, நீங்களே வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அதைக் குட்டி யானை வண்டியிலிருந்து இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். ஆறு பேரும் போன பிறகு, ஹாலில் சோபா இருந்த இடத்தில் தொட்டி இருந்தது. சோபா வராந்தாவில் இருந்தது. நான் சோபாவில் இருந்தேன். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிட்டயராகி அப்போதுதான் நாலு மாதம்.

தொட்டி வந்ததும் ஆலோசனைகளும் வந்தன. இவ்வளவு தண்ணீரை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது? மீன் கடைக்காரர், மேலே ஒரு டப்பா ஃபில்டர் மாட்டினால் போதும் என்றார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். அவர், வாளி மாதிரி மூடிவைத்த கேனிஸ்டர் ஃபில்டர்தான் விஞ்ஞானபூர்வமானது என்றார். நான் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த சமயத்தில், வாஷ்பேசின் குழாயைச் சரிசெய்ய சொட்டு வந்தார்.

ஹாலில் தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பையைக் கீழே வைத்தார். தொட்டியை மூன்று முறை சுற்றிவந்தார்.

"எத்தனை லிட்டர் சார்?"

"அறுநூறுக்கு மேல வரும்னாங்க."

"அப்ப இது மீன் தொட்டி இல்ல. வீட்டுக்குள்ள ஏரி. ஏரிக்குக் கலிங்கு எங்க?"

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம் கலிங்கு. என் வீட்டு ஹாலில் கலிங்கு இருந்தாக வேண்டும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

டப்பா ஃபில்டரைப் பற்றிச் சொன்னேன். "ஒரு சொம்புத் தண்ணில ஒரு கல்யாணப் பாத்திரத்தக் கழுவுற மாதிரி," என்றார். கேனிஸ்டரைப் பற்றிச் சொன்னேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நல்ல சாமான்தான். ஆனா அடிக்கடி தொறந்து கழுவணும். நீங்க கழுவுவீங்களா?" நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து வசந்தா, "மாட்டாரு," என்றாள்.

பிறகு அவர் தன் திட்டத்தைச் சொன்னார். தொட்டிக்கு அடியில் அலமாரி. அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதற்கு சம்ப் என்று பெயர். மேல் தொட்டியில் விளிம்புக்கு வரும் தண்ணீர் ஒரு மூலையில் வழிந்து, குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். அங்கே பஞ்சில் வடிகட்டி, கற்களுக்குள் புகுந்து, கடைசி அறைக்கு வந்தால் பம்ப் அதை மறுபடி மேலே தள்ளும். குப்பையெல்லாம் கீழே, மீனெல்லாம் மேலே.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கத்தார்ல ஏழு வருஷம் இருந்தேன் சார். பெரிய பெரிய வீட்டுல தொட்டி வேலை," என்றார். உடனே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.

எதிர்வீட்டு இன்ஜினியர் இதைக் கேள்விப்பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "சம்ப் சரிப்பா. இறங்குறதுக்கு ரெண்டு இஞ்ச் பைப்பு ஒண்ணு போதும்."

"மூணு வேணும் சார்."

"கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். ஒண்ணு போதும்."

"உங்க கணக்கு தண்ணிக்குத் தெரியாதுங்களே!"

இன்ஜினியர் அன்று போனவர் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

வசந்தாவுக்கு வேறு கவலை. அந்த அலமாரி கொலு பொம்மைப் பெட்டிகளுக்கு என்று அவள் மனசுக்குள் எழுதி வைத்திருந்தாள். அதிலே ஒரு குளமும் மூன்று குழாயும் வரப்போகிறது என்றதும், "நான் கேட்டது மீனு. இவர் கட்டுறது கல்லணை," என்றாள்.

கண்ணாடியில் ஓட்டை போட வேண்டிய நாள் வந்தது. அன்று சொட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் கறுப்புக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார். என் செல்போனை வாங்கி, திரையை வெள்ளை வெளேரென்று எரியவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் என்னைப் பிடிக்கச் சொன்னார். தான் முன்னால் நின்று, கழுத்தை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காய்கறிக்காரம்மா வாசலில் கூடையை இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயாவுக்குக் கண்ணு ஆபரேஷனா?" என்று வசந்தாவிடம் கேட்டாள்.

விஷயம் வேறு. சூட்டில் பதமேற்றின டெம்பர்டு கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமும் பொரி மாதிரி உதிர்ந்துவிடுமாம். அந்தக் கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால் அப்படிப்பட்ட கண்ணாடியில் கறுப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரியுமாம். "அடிக் கண்ணாடில திட்டு இருக்கு, தொடக் கூடாது. பின் கண்ணாடி சுத்தம். இங்க போடலாம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்காரர் மெஷினோடு வந்தார். அவர் துளைக்கத் துளைக்க, சூடேறாமல் இருக்கச் சொட்டு ஒரு குவளையிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தன் கையால் ஒரு சொட்டு விட்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். மூன்று ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் வசந்தா பூஜை அறைக்குப் போய்விட்டு வந்தாள். கண்ணாடி பிழைத்தது.

பைப்புகள் ஏறின. சொட்டு எங்கள் இருவரையும் நிற்கவைத்து, மாப்பிள்ளை வீட்டாரை அறிமுகப்படுத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இவரு மூத்தவரு. மொத்தத் தண்ணியும் இவரு வழியாத்தான் இறங்கும். வாய் நிறைய தண்ணி இருக்கறதால பேச மாட்டாரு. இவரு ரெண்டாவது. மூத்தவரு விட்ட மிச்சம் மீதி இவருக்கு. மெல்லிசா இறங்கும். இவரு மூணாவது. எல்லாரையும் விட உசரமா நிக்கிறாரு பாருங்க? இவரு வேலையே செய்யக் கூடாது."

"வேலையே செய்யாத ஆளுக்கு வீட்டுல எதுக்கு இடம்?" என்று கேட்டுவிட்டு வசந்தா என்னைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு பேரும் அடைச்சுக்கிட்டா இவருதாம்மா காப்பாத்தணும். மத்த ரெண்டையும் சத்தமில்லாமப் பண்ணிட்டேன். இவரை மட்டும் கத்தற மாதிரி வெச்சிருக்கேன். தண்ணி இவருக்குள்ள இறங்கினா தெருக்கோடிக்குக் கேக்கும்."

இதற்கு மேல்தான் சோதனைக் காலம். பத்து நாள் வெறும் தண்ணீர் மட்டும் ஓட வேண்டும், மீன் விடக் கூடாது என்று உத்தரவு. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "மீன் எங்க?" என்று கேட்டார்கள். "பிளம்பர் இன்னும் சம்மதிக்கல," என்றேன். பத்து நாளும் தினம் வந்தார். குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வால்வை ஒரு மயிரிழை திருகுவார். மறுபடி காதை வைப்பார். ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்குள் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பம்ப் நின்றால் மேலிருக்கிற தண்ணீர் எவ்வளவு கீழே இறங்குகிறது, சம்ப் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வசந்தா கிரைண்டரில் உளுந்தைப் போட்ட அடுத்த நிமிடம் கரண்ட் போகும். சீரியலில் மாமியார் கையில் அந்தக் கடிதம் கிடைக்கும்போது கரண்ட் போகும்.

"சொல்லிட்டு அணைக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கத்தினாள்.

"கரண்டு சொல்லிட்டா போவுது?" என்றார் அவர், அலமாரிக்குள் தலையை விட்டபடியே. பிறகு கையை மட்டும் வெளியே நீட்டி, "அம்மா, ஒரு ஸ்டிக்கர் பொட்டு குடுங்க," என்றார். தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் அந்தச் சிவப்புப் பொட்டைச் சம்ப்பின் கண்ணாடியில் ஒட்டினார். விளிம்புக்கு இன்னும் நாலு விரற்கடை இருந்தது. "இதைத் தாண்டாது. தாண்டினா என்னைக் கூப்பிடுங்க."

பதினொன்றாம் நாள் பன்னிரண்டு ஏஞ்சல் மீன்கள் குடியேறின. அதற்குப் பிறகும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சொட்டு வந்தார். மீன் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தொட்டியில் பன்னிரண்டு வெள்ளிச் சிறகுகள் மிதந்துகொண்டிருக்கும். இவர் குனிந்து அலமாரியைத் திறந்து பைப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். வசந்தா காபி கொடுப்பாள். ஆனால் முகம் கொடுக்க மாட்டாள். கொலு பொம்மைகள் அப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தன.

இப்படியிருக்கையில் எங்கள் பெண் நிவேதாவுக்கு வரன் அமைந்தது. பூதலூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். பையன் சென்னையில் வேலை. நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டு ஹாலிலேயே வைத்துக்கொண்டோம். ஜமக்காளம் விரித்து, நாற்காலி போட்டு, நாற்பது பேர். தெருக்காரர்களில் சொட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் மெயின் சுவிட்சைப் பார்த்தார். வசந்தா அவரைப் பார்த்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தாம்பூலத் தட்டுகள் பதினெட்டு. வைக்க இடமில்லை. வெற்றிலைத் தட்டு ஒன்றைத் தொட்டியின் மேல் மூடியில் வைத்தது நான்தான். அதை நான் இன்றுவரை மறைக்க முயன்றதில்லை, வசந்தா விடமாட்டாள். மின்விசிறிக் காற்றில் ஒரு வெற்றிலை பறந்து, மூடி எட்டாத மூலையில் தண்ணீர் வழிகிற அறைக்குள் விழுந்து, மிதந்து போய், மூத்தவர் வாயில் அப்பிக்கொண்டது. மொத்தத் தண்ணீரையும் தாங்க இரண்டாவதால் முடியவில்லை. நல்ல கொழுந்து வெற்றிலை. உள்ளங்கை அகலம்.

புரோகிதர் நிச்சயப் பத்திரிகையை வாசிக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு பக்கத்துத் தாத்தாக்கள் பெயரையும் சொல்லி முடித்து, "ஆகிய இவர்களுடைய" என்றபோது, ஹாலில் எருமை ஒன்று கனைத்தது.

அப்படித்தான் இருந்தது. 'கொட கொட கொட' என்று ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. புரோகிதர் பத்திரிகையைக் கீழே போட்டார். மாப்பிள்ளை எழுந்தே விட்டார்.

கடைசி வரிசையிலிருந்து சொட்டு துள்ளி எழுந்தார். முகமெல்லாம் பிரகாசம்.

"கத்துறாரு சார்! மூணாவது ஆளு கத்துறாரு!"

மூன்றாவது பைப் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, வெள்ளை மீசை, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"யாருங்க அந்த மூணாவது ஆளு?"

அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவள் காதில், "நான் அப்பவே நினைச்சேன், விசாரிக்கணும்னு," என்று சொன்னது எனக்கே கேட்டது. நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பைப்புங்க!" என்று அலறினேன். "ஆளு இல்லீங்க, பைப்பு! மீன் தொட்டி பைப்பு!"

அதற்குள் சொட்டு ஜமக்காளத்தைத் தாண்டி, பட்டுப் புடவைகளுக்கு நடுவில் புகுந்து, தொட்டி மூலையில் கையை விட்டுவிட்டார். சத்தம் நின்றது. நிமிர்ந்தார். விரல் நுனியில் அந்த வெற்றிலை சொட்டிக்கொண்டிருந்தது. தரையைச் சுற்றிப் பார்த்தார். ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு துளி ஈரம் இல்லை.

"ஒரு வெத்தலைக்குப் போயா மூணு பைப்பு வெச்சீங்க?" என்றார் பெரியப்பா, ஆச்சரியமாக.

சொட்டு வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு சின்ன மீனுங்க," என்றார். "கத்தார்ல. பன்னெண்டடித் தொட்டி. ஒரு பைப்பு போதும்னு அங்கிருந்த இன்ஜினியரு சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. ஆனா நான் யாரு எதுத்துப் பேச? போட்டுக் குடுத்துட்டேன். விரல் நீளம் ஒரு மீனு, செத்து பைப்பு வாயில போய் ஒட்டிக்கிச்சு. வீட்டுல ஆள் இல்ல. வந்து பாத்தா கம்பளம் எல்லாம் மெதக்குது. மறு வாரமே என்னை ஊருக்கு அனுப்பிட்டாங்க."

வெற்றிலையின் ஈரத்தை விரலால் வழித்துவிட்டார்.

"வீட்டுல காண்ட்ராக்டு முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். இன்னி வரைக்கும் அவளுக்குத் தெரியாது." பிறகு சுற்றிலும் இருந்த நாற்பது முகங்களைப் பார்த்தார். அப்போதுதான் எங்கே நின்றுகொண்டு என்ன சொல்கிறோம் என்பது உறைத்தது போலிருக்கிறது. "மன்னிச்சிக்கோங்க. நல்ல காரியத்துல..." என்று வெற்றிலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

பெரியப்பா எழுந்தார். "இருங்க," என்றார். "எங்க போறீங்க? போன ஐப்பசி மழையில எனக்கு நாலு மா நிலத்துப் பயிரு மூழ்கிப் போச்சு. பாய்ச்சலுக்கு வாய்க்கா இருக்கு, வடிகாலு ஒண்ணே ஒண்ணு. அதுவும் மண்ணடிச்சுத் தூந்து கிடந்துச்சு. எவனும் இப்படி யோசிக்க மாட்டேங்கிறான். அந்த அலமாரியத் தொறங்க, பாப்போம்."

அடுத்த கால் மணி நேரம் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சம்ப்பின் முன்னால் குந்தியிருந்தார்கள். சொட்டு மூத்தவரையும் இரண்டாவதையும் அறிமுகப்படுத்தினார். மூன்றாவதுக்கு வந்தபோது பெரியப்பா அந்தப் பைப்பைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பொட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டார். அதற்கும் விளக்கம் நடந்தது. புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம் வந்துடும்," என்று மூன்று தடவை சொன்னார். கடைசியில் வசந்தாதான் சத்தம் போட்டாள்: "பொண்ணு இங்க உக்காந்திருக்கு! எல்லாரும் பைப்பையே நிச்சயம் பண்ணிட்டுப் போயிடாதீங்க!"

நிச்சயம் நடந்தது. பந்தியில் வசந்தா சொட்டின் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். "பாயசம் போட்டுக்குங்க அண்ணே," என்றாள். அதற்கு முன் அவரை அவள் 'அண்ணே' என்று கூப்பிட்டதில்லை. அவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுதான் அவர் நிஜப் பெயரைக் கேட்டு உறையில் எழுதினேன். அதை இங்கே எழுதிப் பயனில்லை. எழுதினால் எங்கள் தெருக்காரர்களுக்கே யாரென்று தெரியாது. அன்று, மனைவியிடம் கத்தார் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்று மெல்லக் கேட்டேன். "சொல்லிட்டேன் சார்," என்றார். "வந்த அன்னிக்கே தெரியுமாம். அவ தம்பி அங்கேயேதான வேலை பாத்தான். இத்தனை வருஷமா வாயே தொறக்கல. தண்ணி மாதிரியே இருந்திருக்கா சார்!" சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

போன வருஷம் முழங்கால் மடங்க மறுத்துவிட்டதால் வேலையை விட்டுவிட்டார். இப்போது பக்கத்து ஜில்லாவில், குத்தாலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தெருவில் குழாய்கள் தாராளமாகச் சொட்டுகின்றன. புதிதாக வருகிற பிளம்பர்கள் கெட்டிக்காரர்கள், சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் உட்கார்ந்து காபி குடிப்பதில்லை.

நேற்றுக் காலை நான் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வசந்தா போனில் பேசுவது கேட்டது.

"ஆமா அண்ணே... பம்ப்பு ரொம்பச் சூடாவுது. கை வைக்க முடியல. இங்க இருக்கறவங்கள நம்ப முடியாது, நீங்களே ஒரு எட்டு வந்து பாத்தாதான்... அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க, இங்கேயே சாப்பிட்டுடலாம்."

பதறிப்போய் எழுந்து ஹாலுக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்து, சம்ப்புக்குள் கையை விட்டு, பம்ப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜில்லென்று இருந்தது.